பரங்கிமலையிலிருந்து புறப்பட்ட முக்கோணங்கள்



ஆசிரியத் தொழிலில் நான் செய்த பிழைகளுள் ஒன்றை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு நாள் வகுப்பில் எல்லாரையும் முக்கோணம் ஒன்று வரைந்து, அதன் கோணங்களை அளந்து கூட்டச் சொன்னேன். ஒரு மாணவனுக்கு 181 பாகை வந்தது. "அழித்துவிட்டு 180 என்று எழுது" என்றேன். அவன் ஏன் என்று கேட்டான். "கணக்குப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது" என்று கூறி அப்பால் நகர்ந்தேன். அந்த விடை எவ்வளவு தவறானது என்பது, இந்திய நில அளவையின் வரலாற்றைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலைக்கு அருகில் சமதரையில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். மே 22இல் அவ்வேலை முடிவுற்றது. கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். ஏழரை மைலுக்கு ஆறு வாரமா என்று நீங்கள் வியக்கலாம். அவர் கையாண்டது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதனைத் தரையில் படாதவாறு தாங்கிகளின்மேல் நீட்டி, வெப்பமானியைப் பார்த்து, வெயிலில் எஃகு எவ்வளவு நீண்டது என்று கணித்து, ஏறக்குறைய 400 முறை வைத்து வைத்து எடுத்தார்கள். சித்திரை வெயிலில் சங்கிலியைச் சுமந்தவர்கள் நம் நாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுடைய பெயர்களை யாரும் குறித்துவைக்கவில்லை.

இத்தனை பாடும் ஒரே ஒரு பக்கத்திற்காகத்தான். ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் நடந்து அளக்க வேண்டுவதில்லை, கணக்கிட்டே அறியலாம். அவ்வாறு அறிந்த பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடியாகும். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தொடுத்துக்கொண்டு நாடு முழுவதும் சென்றுவிடலாம். காடும் ஆறும் குறுக்கிட்டால் என்ன? ஓர் உச்சியிலிருந்து மற்றோர் உச்சி கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

ஆயினும் எல்லா முக்கோணமும் இவ்வேலைக்கு உதவா. கோணங்களைக் கொண்டு முக்கோணங்களைக் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் என மூவகையாகப் பிரிக்கக் கற்றிருக்கிறீர்கள். பள்ளியில் இது வெறும் பெயர்ப் பட்டியலாகத் தோன்றும். அளவையாளனுக்கோ இது உயிர்நிலையான செய்தி. ஒரு கோணம் 160 பாகை என்றால் மற்ற இரண்டிற்கும் எஞ்சுவது 20 பாகையே. மிகச் சிறிய கோணத்தில் நேரும் பிழை பக்கத்தின் நீளத்தைப் பெரிதும் கெடுத்துவிடும். 10 பாகைக் கோணத்திற்கு எதிரான பக்கத்தை அறிந்த பக்கமாகக் கொண்டு கணக்கிடும்போது, அக்கோணத்தில் ஒரு விகலை தவறினால், 60 பாகைக் கோணத்தில் தவறுவதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு கேடு விளையும். ஆகவே, அளவையாளர்கள் இயன்றவரை சமபக்க முக்கோணத்தை ஒத்த வடிவங்களையே தேடினார்கள்.

கோணங்களை அளக்க லண்டனிலிருந்து வருவித்த தியோடலைட் என்னும் கருவி அரை டன் எடை உள்ளது. அதன் வட்டத்தின் விட்டம் 3 அடி. அவ்வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது, ஓர் அங்குலத்தைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றினும் குறைவு! அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோய், கருவி இன்னதென்று அறிந்தபின் மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர்.

காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. எனவே கோயில் கோபுரங்களே நிலையங்களாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி கட்டடத்தில் மோதி, வட்டம் நெளிந்துபோயிற்று. வேறொருவராயின் அதனைத் தூக்கி எறிந்திருப்பார். லாம்டன் ஒரு பெரிய பலகையில் சரியான அளவில் வட்டம் வெட்டி, ஆப்புகளாலும் திருகுகளாலும் அந்த விளிம்பைச் சிறிது சிறிதாக இழுத்து அதில் பொருத்தினார். வளைந்த ஆரங்களைச் சிறு மரச் சுத்தியால் தட்டி நேராக்கினார். ஆறு வாரத்தில் கருவி ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது.

பழுதுபட்ட கருவி உண்மை சொல்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? இங்கேதான் யூக்ளிட் துணைக்கு வருகிறார். முக்கோணத்தின் உச்சி வழியே அடிப்பக்கத்திற்கு இணைகோடு ஒன்று வரைந்தால், மூன்று கோணங்களும் அக்கோட்டின் ஒரே பக்கத்தில் வந்து அடுத்தடுத்து அமர்ந்துவிடும். கூட்டுத்தொகை இரண்டு செங்கோணம். மூன்றையும் தனித்தனியே அளந்து கூட்டினால், பிழையைக் கூட்டுத்தொகையே காட்டிக்கொடுக்கும்.

ஆனால், மிகத் துல்லியமாக அளந்தாலும், பெரிய முக்கோணங்களில் 180 பாகை வராது; சற்று மிகும். என்னை? இணைகோடு தட்டையான தளத்திற்கு உரியது, பூமியோ உருண்டை. ஓர் உலக உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வடதுருவத்திலிருந்து ஒன்றுக்கொன்று 90 பாகை விலகிய இரண்டு தீர்க்கரேகைகள் வழியே நடுக்கோட்டிற்கு இறங்குங்கள். அங்கே உருவாகும் முக்கோணத்தில் மூன்றும் செங்கோணங்கள்! தொகை 270 பாகை. தட்டைத் தாளில் இரண்டு செங்கோணமுள்ள முக்கோணம் வரையவே இயலாது.

இந்த மிகுதி முக்கோணத்தின் பரப்பைப் பொறுத்தது. ஏறத்தாழ 76 சதுர மைலுக்கு ஒரு விகலை. பக்கம் 30 மைல் கொண்ட சமபக்க முக்கோணத்தில் 5 விகலை மிகும். லாம்டன் இதனைக் கணக்கிட்டுக் கழித்தார். அதற்கு மேலும் எஞ்சியதே கருவியின் பிழையும் கண்ணின் பிழையும் ஆகும்.

இவ்வாறு சென்ற முக்கோணங்கள் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையில் தீபகற்பத்தின் அகலம் எண்ணியிருந்தபடி 400 மைல் அன்று, 360 மைலே என்று காட்டின. 1823இல் லாம்டன் வேலையின் நடுவே ஹிங்கன்காட்டில் இறந்தார். அவர்க்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அத்தொடரை இமயத்தின் அடிவாரம்வரை, ஏறத்தாழ 1,500 மைல் நீளத்திற்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து விரிந்த முக்கோணங்களைக் கொண்டே உலகின் மிக உயர்ந்த சிகரத்தைக் கணித்து, 1856இல் 29,002 அடி என அறிவித்தார்கள். 2020இல் அறிவித்த அளவிற்கும் அதற்கும் வேறுபாடு சுமார் 30 அடியே.

அந்த மாணவனிடம் மீண்டும் வருகிறேன். பூமியின் வளைவினால் 181 பாகை வரவேண்டுமாயின், அவன் 2,73,000 சதுர மைலுக்கு மேற்பட்ட முக்கோணம் வரைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கிற்கும் அதிகம். அவனுடைய தாளிலோ கோணமானி சற்று நகர்ந்திருக்கும். எந்தக் கோணத்தில் நகர்ந்தது என்று இருவரும் சேர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நான் ரப்பரை எடுக்கச் சொன்னேன்.