வினாவுத்தரமும் குறுக்கெழுத்தும்

புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தமிழ் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் முதற்கண் ஒரு புதிரை முன்வைக்கின்றோம். 'ஆண் ஆடும், மதுவும் சேர, இராசேந்திரன் வென்ற நாடு.' விடை நான்கெழுத்து.

ஆணொருவன் மதுவுண்டு கூத்தாடுகின்றான் என்றே முதலில் எண்ணத் தோன்றும். 'ஆடும்' என்பதை வினையாகக் கொண்டமையால் நேர்ந்த மயக்கம் அது. பெயராகக் கொண்டால் ஆண் ஆடு கடா. மதுவகையுள் ஒன்று ரம். இரண்டும் சேரக் கடாரம். 1025ஆம் ஆண்டளவில் சோழர் கடற்படை வந்தடைந்த இக்கெடா மண்ணின் பழம்பெயர் அது. (வகுப்பறையில் மது வேண்டாவெனில், 'கையினுள் தலையிழந்த அடா' எனலாம். கரத்தினுள் டா புக, அதே சொல் வரும்.)

இவ்வகைப் புதிரில் ஒரு பகுதி விடையின் பொருளைச் சுட்டும். மற்றொரு பகுதி விடைச்சொல்லைக் கட்டிக் காட்டும். ஆர்தர் வின் என்பார் 1913 திசம்பர் 21 அன்று நியூயார்க் நாளேடொன்றில் வெளியிட்ட முதற் குறுக்கெழுத்தில் இந்நுட்பம் இல்லை; நேர்ப்பொருளே கேட்கப்பட்டது. 1920களில் இங்கிலாந்தில் எட்வர்டு போவிசு மாதர்சு போன்றோரே அதனை மறைபொருட் புதிராக வளர்த்தனர். 1930இல் இலண்டன் டைம்சு நாளேடும் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கிற்று. சென்னையின் 'தி இந்து' ஆங்கில நாளேட்டில் இவ்வகைப் புதிரை நாள்தோறும் அவிழ்த்து, விடை எங்ஙனம் அமைந்ததென வாதிடுவோர் பலர்.

ஆயினும் இது தமிழுக்குப் புதிதன்று. பிசியைத் தொல்காப்பியம் செய்யுள் வகையுள் ஒன்றாக வைத்தது. தண்டியலங்காரம் சித்திரகவிகளுள் வினாவுத்தரத்தைக் கூறும். ஒரு சொல்லின் துண்டுகள் தனித்தனி வினாக்களுக்கு விடையாகி, முழுச்சொல் இறுதி வினாவிற்கு விடையாவது அது. கடாவும் ரம்மும் கடாரமானது இம்முறையாலன்றோ? எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க வேறு பொருள் தோன்றுவது அக்கரச்சுதகம். அடாவின் தலை போனது அதன்பாற்படும். புலவர் இவற்றை மிறைக்கவியென்று ஒதுக்கியதும் உண்டு. அவ்வொதுக்கல் முற்றும் நேரியதென்று நாம் கருதவில்லை. வேறுபாடு ஒன்றே: வினாவுத்தரத்தில் வினாக்கள் வெளிப்படை, நாளேட்டுப் புதிரிலோ சொற்கள் கூடும் இடமே மறைக்கப்படும்.

இத்தகைய மரபிருந்தும் தமிழிதழ்களில் முன்னர்ப் பரவியது பரிசுப்போட்டியே. வாசனின் ஆனந்த விகடனும் 1930களில் குறுக்கெழுத்துப் போட்டி நடத்திற்று. பரிசுப்போட்டிகளில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் பொருந்துவதுண்டு. நடத்துவோர் முன்னரே குறித்து வைத்ததே விடையாகும். அறிவுடையோனும் ஊகித்தே எழுத வேண்டியிருந்தமையால் சூதென்னும் பழி வந்தது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டுப் பரிசுப்போட்டிச் சட்டம் குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே சுட்டி, மாதப் பரிசு 1,000 ரூபாயை மீறலாகாதென்றது. 1957இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் சூதாட்டப் போட்டிகளையே கட்டுப்படுத்தும், திறனைச் சார்ந்தவற்றையன்று எனத் தெளிவுறுத்தியது. மறைபொருட் புதிரின் விடை தன்னைத் தானே மெய்ப்பிக்கும். அதற்கு முத்திரையிட்ட உறை வேண்டா.

வட அமெரிக்காவின் 'தென்றல்' திங்களிதழில் வாஞ்சிநாதன் இவ்வகைப் புதிரைத் தமிழிலேயே அமைத்துள்ளார். நம் நாட்டில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோயிற்று. எஞ்சிய ஏடுகளில் இப்புதிருக்கு ஒரு மூலையேனும் ஒதுக்குமாறு வேண்டுகின்றோம்.

புதிர் அமைக்க முனையும் மாணவர் ஒன்று கருதுக. ஆங்கிலத்தில் எழுத்துகளைக் குலைத்து அடுக்குதல் எளிது. தமிழில் 'டா' ஒரே கட்டத்துக்குரியது; அதன் காலைப் பிரித்தெடுக்க இயலாது. மேலும் மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது. ஆகவே, கடாரத்தின் இறுதி மகர ஒற்றிலிருந்து கீழ்நோக்கி எச்சொல்லையும் தொடங்கல் இயலாது; மேலிருந்து வரும் சொல் ஒன்று அங்கே முடியவோ அதனூடே செல்லவோ வேண்டும்.