பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகும் அரசு ஊழியரின் உரிமைகள் (இந்தியா)

அரசுப் பணியில் சேர்ந்த பிறகு விபத்தாலோ நோயாலோ பார்வை, கேட்கும் திறன், கை கால் இயக்கம், மனநலம் ஆகியவற்றில் பாதிப்புக்கு உள்ளாகும் ஊழியருக்கு இந்தியச் சட்டம் இரண்டு வகைப் பாதுகாப்பு தருகிறது. முதலாவது, வேலையில் தொடரும் உரிமை. இரண்டாவது, தொடர இயலாதபோது கிடைக்கும் ஓய்வூதியம். இந்த வரிசை முக்கியமானது. ஓய்வூதியம் தருகிறோம் என்று சொல்லி வேலையைப் பறிக்கும் அதிகாரம் எந்தத் துறைக்கும் கிடையாது. நடைமுறையில் பல அலுவலகங்கள் இதைத் தலைகீழாகவே செய்துவந்தன. இத்துறையின் முக்கியத் தீர்ப்புகள் பலவும் அதன் விளைவாக வந்தவையே.

சட்டம் வருவதற்கு முன்

1995 வரை இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. மருத்துவக் குழு ‘பணிக்குத் தகுதியற்றவர்’ என்று எழுதிவிட்டால் ஊழியர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேருந்து ஓட்டுநர்கள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் சாலையைப் பார்த்துக் கண் மங்கியவர்களை, கண் மங்கியதையே காரணமாகக் காட்டி அனுப்பினார்கள். ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர்கள் தொடுத்த ஆனந்த் பிஹாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தவறென்றது. அவர்களுக்கு மாற்றுப் பணி தேட வேண்டும், இல்லையேல் இழப்பீடு தர வேண்டும் என்றது. 1994இல் ஹரியாணாவில் புற்றுநோயால் வலக்கையை இழந்த துணைமின்நிலைய ஊழியர் ஒருவரை எழுத்தராக நியமித்து, பழைய சம்பளத்தையும் பாதுகாக்கும்படி உத்தரவிட்டது. இவை நீதிமன்றத்தின் மனிதாபிமானத்தால் கிடைத்த நிவாரணங்கள். உரிமை என்று சொல்லத்தக்க ஒன்று அதன் பிறகே வந்தது.

47ஆம் பிரிவிலிருந்து 20(4) வரை

1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்த 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், தன் 47ஆம் பிரிவில் தெளிவான தடை விதித்தது. பணிக்காலத்தில் குறைபாடு அடைந்தவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. பார்த்துவந்த வேலை இனி முடியாது என்றால், அதே சம்பள விகிதமும் பணிப்பயன்களும் கொண்ட வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஓர் இடமும் இல்லை என்றால், அவருக்காகவே ஓர் எண்மிகைப் பணியிடம் (அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட இடம்) உருவாக்கி, தகுந்த இடம் கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரும் வரையிலோ அதில் வைத்திருக்க வேண்டும். குறைபாட்டை மட்டும் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுப்பதற்கும் தடை உண்டு.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்தது. ஓய்வூதியப் பயன்களில் சம வாய்ப்பு வேண்டும் என்பதையும் அதன் 28ஆம் உறுப்பு குறிப்பிடுகிறது. அதற்கிணங்க இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் உள்ளது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. புதியது 21 வகைகளை ஏற்கிறது. பழைய 47ஆம் பிரிவின் பாதுகாப்பு இப்போது 20(4)ஆம் பிரிவில் இருக்கிறது. இட ஒதுக்கீட்டுக்குத் தேவைப்படும் 40 சதவீத அளவுகோல் இப்பிரிவில் சொல்லப்படவில்லை. மத்திய, மாநில அரசு அலுவலகங்கள், உள்ளாட்சி அமைப்புகள், அரசுக்குச் சொந்தமான கழகங்கள், வாரியங்கள் அனைத்தையும் இது கட்டுப்படுத்தும்.

விதிவிலக்கும் உண்டு. பணியின் தன்மை கருதி சில நிறுவனங்களுக்கு அரசு அறிவிக்கை மூலம் விலக்கு அளிக்கலாம். ராணுவத்தின் போர்ப்பிரிவினரும் மத்திய ஆயுதக் காவல் படைகளின் போர்ப்பிரிவினரும் அப்படி விலக்கின்கீழ் வருபவர்கள். ஆனாலும், மனநலப் பாதிப்புள்ள மத்திய ரிசர்வ் காவல் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவரை மாற்றுப் பணியில் அமர்த்தினால் சம்பளமும் பணி நிலைமைகளும் குறையக் கூடாது என்றது.

இரண்டு தீர்ப்புகள்

குணால் சிங் எதிர் இந்திய ஒன்றியம் (2003) வழக்கு ஒரு காவலரைப் பற்றியது. பணியின்போது இடது காலில் பட்ட காயம் முற்றி, காலையே எடுக்க நேர்ந்தது. மருத்துவக் குழு தகுதியில்லை என்றது, அவர் அனுப்பப்பட்டார். ‘இயலாமை ஓய்வூதியம் பெறுகிறாரே’ என்பது அரசின் வாதம். ஓய்வூதிய விதி ஒன்றின்படி பணம் கிடைப்பதால் நாடாளுமன்றம் தந்த வேலைப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்று நீதிமன்றம் மறுத்தது. ஓய்வூதியம் வேலைக்கு ஈடாகாது என்ற கொள்கை இந்தத் தீர்ப்பில்தான் உறுதிப்பட்டது.

பகவான் தாஸ் எதிர் பஞ்சாப் மாநில மின்சார வாரியம் (2008) வழக்கின் கதை இன்னும் பரவலானது. 1977இல் உதவி மின்பாதை ஊழியராகச் சேர்ந்த ஒருவர் 1994இல் முழுமையாகப் பார்வை இழந்தார். இனி வேலை பார்க்க முடியாது, ஓய்வு கொடுத்துவிட்டு மனைவிக்கு ஒரு வேலை தாருங்கள் என்று வாரியத்துக்கு எழுதினார். ஓய்வு மட்டும் 1997இல் கொடுக்கப்பட்டது. பிறகு 47ஆம் பிரிவைக் கேள்விப்பட்டு வழக்குத் தொடுத்தபோது, அவரே கேட்டுப் பெற்ற ஓய்வுதானே என்றது வாரியம். தன் உரிமை என்னவென்றே தெரியாத ஒரு கடைநிலை ஊழியர், கண்ணிழந்த கலக்கத்தில் எழுதிய கடிதத்தை விருப்ப ஓய்வாக எடுத்துக்கொள்ள முடியாது, சட்டம் தரும் பாதுகாப்பை அவருக்கு எடுத்துச் சொல்வதே அதிகாரிகளின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதுபோன்ற கடிதத்தை எந்த ஊரிலும் காணலாம். மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெறுவோரின் குடும்பத்தாருக்கும் கருணை அடிப்படையில் வேலை உண்டு என்பதால், ‘நீங்கள் ஓய்வு வாங்கிக்கொண்டால் பையனுக்கு வேலை கிடைக்கும்’ என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்கிறார்கள். கருணை வேலை உறுதியானதல்ல. இடம் இருக்க வேண்டும், நிதிநிலை ஆராயப்படும், வயது வரம்பு உண்டு. கையில் உள்ள உரிமையை விட்டு வராத சலுகைக்குக் காத்திருப்பது பெரும் இழப்பு.

இயலாமை ஓய்வூதியம்

மத்திய அரசு ஊழியருக்கு இது 1972ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 38ஆம் விதியாக இருந்தது. 2021ஆம் ஆண்டு விதிகளில் 39ஆம் விதி. குறைபாடு காரணமாக ஒருவர் ஓய்வு கேட்டால், பணியில் தொடரும் வாய்ப்பு உண்டு என்பதை அலுவலகத் தலைவர் முதலில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். பகவான் தாஸ் தீர்ப்பு சொன்ன கடமை இன்று விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

வழக்கமான ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு தகுதிப் பணி வேண்டும். முன்பு 10 ஆண்டு முடியாமல் இயலாமையால் வெளியேறியவருக்கு ஒரு தொகை மட்டுமே கிடைத்தது. பணியின் தொடக்கத்திலேயே முடங்கிப்போன இளைஞருக்கு இது பெருங்கொடுமை. 2019 ஜனவரியில் விதி திருத்தப்பட்டு, அவர்களுக்கும் மாத ஓய்வூதியம் உண்டு என்றானது.

குறைபாடு பணியின் காரணமாகவே நேர்ந்தது என்றால் சிறப்பு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். இதில் வழக்கமான ஓய்வூதியத்தோடு இயலாமைக் கூறு ஒன்றும் சேரும். 100 சதவீதக் குறைபாட்டுக்கு அது அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். பணியில் தொடர்வோருக்கு மொத்தத் தொகை இழப்பீடு உண்டு.

2004 ஜனவரி 1 முதல் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வருகிறார்கள். இறப்போ இயலாமையோ நேர்ந்தால் பழைய விதிகளின் பயன் வேண்டுமா, தங்கள் கணக்கில் சேர்ந்த தொகை வேண்டுமா என்பதைப் பணியில் சேரும்போதே படிவத்தில் குறிப்பிடலாம். மாநில ஊழியர்களுக்கு அந்தந்த மாநில விதிகளே பொருந்தும். தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகள் உள்ளன. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள்.

ஓய்வு வயது

சில மாநிலங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்குக் கூடுதல் பணிக்காலம் அளித்தன. இமாச்சலப் பிரதேசம் 2013இல் பார்வையற்றோருக்கு மட்டும் ஓய்வு வயதை 60 ஆக்கியது. கை கால் குறைபாடுள்ள மின்பணியாளர் ஒருவர் 58 வயதில் அனுப்பப்பட்டு வழக்குத் தொடுத்தார். குறைபாடுகளுக்குள் உயர்வு தாழ்வு பார்ப்பது பாகுபாடு என்று 2025இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அச்சலுகை 2019 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டிருந்ததால், அந்தத் தேதி வரையிலான பயன் மட்டுமே அவருக்குக் கிடைத்தது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள்

ஊழியரின் பிள்ளைக்குச் சம்பாதிக்க இயலாத குறைபாடு இருந்தால், 25 வயதுக்குப் பிறகும் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. திருமணம் ஆனாலும் நிற்காது என்று மத்திய அரசு 2013இல் ஆணையிட்டது. 2021 பிப்ரவரியில் வருமான வரம்பும் தளர்த்தப்பட்டது: பிற வழி வருமானம், அவருக்கு உரிய குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். நிரந்தரக் குறைபாட்டுக்கு ஒருமுறை சான்றிதழ் தந்தால் போதும். தற்காலிகமானதற்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை தர வேண்டும்.

பெற்றோர் இறந்த பிறகு இதற்காக அலைவதுதான் பெரும்பாடு. ஆகவே பணியில் இருக்கும்போதோ ஓய்வுக்குப் பின்னரோ, பெற்றோரே பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் முன்கூட்டிச் சேர்க்கலாம். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் பாதுகாவலரையும் நியமிக்கலாம். பணியில் இருப்போர் இன்றே குடும்ப விவரப் படிவத்தை எடுத்துப் பார்த்து, பிள்ளையின் குறைபாடு அதில் பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே குறைபாடு நேர்ந்தால், 20(4)ஆம் பிரிவின்கீழ் மாற்றுப் பணி கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பித்து, அதற்கு எழுத்துமூலமான பதில் வரும் முன் எந்த ஓய்வு விண்ணப்பத்திலும் கையெழுத்திடாதீர்கள். துறை மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், மத்திய அரசுப் பணியெனில் தலைமை ஆணையரிடமும் முறையிடலாம்.