கோட்டோவியமும் கெபாயாவும்

ஒரு நாட்டின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டும் பொறிக்கப்படுவதன்று. மக்கள் உடுத்தும் உடையிலும் அது பதிந்து கிடக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாரிஸ் மாநகரின் ஆடை வடிவமைப்பு இல்லங்களில், மாலை விருந்துக்குரிய நெடிய அங்கி முதலில் தாளில் கோட்டோவியமாகவே பிறந்தது. ஓவியத்தின் ஓரத்தில் துணியின் சிறு துண்டொன்றைக் குத்தி வைப்பர். பின்னர் விலை குறைந்த பருத்தித் துணியில் தைத்துப் பார்த்துக் குறை களைவர்; அதன் பின்னரே பட்டில் கத்தரி படும். ஓவியத்தில் இல்லத்தின் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் பெரும்பாலும் இராது.

அத்தகைய இல்லமொன்றை 1945ஆம் ஆண்டில் நிறுவியவர் பியேர் பால்மேன். கட்டடக்கலை பயின்று, பின்னர் ஆடைக்கலைக்கு வந்தவர் அவர். 1960இல் தாய்லாந்து அரசி சிரிகிட்டின் அயல்நாட்டுப் பயணத்திற்கு உடைகள் அமைத்தவரும் அவரே. 1968இல் மலேசிய-சிங்கப்பூர் விமான நிறுவனம் தன் பணிப்பெண்களின் சீருடையை வடிவமைக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. சிங்கப்பூர் தனி நாடாகி அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன.

பால்மேன் மேனாட்டு அங்கியை இங்குக் கொண்டுவந்து திணிக்கவில்லை. மலாய்ப் பெண்டிரும் பெரானாக்கான் பெண்டிரும் வழிவழியாக உடுத்திய சாரோங் கெபாயாவையே எடுத்துக்கொண்டார். மெல்லிய துணியில் பூத்தையல் இட்டு, முன்புறம் ஊசிப்பதக்கங்களால் இணைப்பது பெரானாக்கான் கெபாயா. அவரோ மேற்சட்டைக்கும் சாரோங்கிற்கும் ஒரே பாத்திக் கோலத்தைக் கொடுத்து, மாலை அங்கியைப் போல உடலோடு ஒட்டிய வெட்டினை அமைத்தார். 1972இல் அந்நிறுவனம் இரண்டாகப் பிரிந்தபோதும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அவ்வுடையைக் கைவிடவில்லை. நீலம், பச்சை, சிவப்பு முதலிய நிறங்கள் பணிப்பெண்களின் பதவி நிலையை உணர்த்தலாயின.

இவ்வுடை மரபில் தமிழருக்கும் பங்குண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமேற்றிய துணிகள், நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக நூற்றாண்டுக் கணக்கில் இத்தீவுகளுக்குக் கப்பலேறின. மலாய் ஆடவர் உடுத்தும் கட்டமிட்ட சாரோங்கிற்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது பழவேற்காட்டின் திரிபே. தேக்காக் கடைகளில் நாம் கேட்டு வாங்கும் கைலியும் அச்சாரோங்கின் உறவே ஆகும்.

2024ஆம் ஆண்டில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் இணைந்து முன்மொழிந்த கெபாயாவை, யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. பால்மேனின் கைத்திறனை நாம் போற்றலாம், தவறில்லை. ஆயினும் பாரிஸ் தந்தது வெட்டு. உடை ஏற்கெனவே இங்கிருந்தது. ஓவியத்தில் கையொப்பமிட்டவரை உலகம் அறியும். பூத்தையலிட்ட பெண்டிரையும் தறியில் அமர்ந்த நெசவாளரையும் அறியாது. அவர்களைத் தேடிக் காண்பதே வரலாறு பயிலும் மாணவர் கடன்.