தாம்பரம் லோக்கலும் டிரைவர் தூக்கமும்

லோக்கல் லேட்டானா உடனே டிரைவரைத்தானே திட்டுறீங்க? கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்தாச்சு. ஆனா ரயில் ஓட்டுறவங்க 10 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்க மாட்டோம்னு அரசை ஒத்துக்க வெச்சது 1973 ஆகஸ்ட் வேலைநிறுத்தத்துலதான்!

எட்டு மணி நேர வேலை கேட்டது, 1974 மே மாதப் போராட்டத்துக்கு ஒரு காரணம். சுமார் 17 லட்சம் பேர், 20 நாள். ஆயிரக்கணக்கில் கைது; குடும்பங்களை ரயில்வே குவார்ட்டர்ஸ்லேர்ந்தே வெளியேத்துனாங்க.

2024 ஜூன்ல தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் கேட்டதும் தூக்கம்தான்: வார ஓய்வு 46 மணி நேரம், தொடர்ந்து ரெண்டு ராத்திரிக்கு மேல டூட்டி கூடாது. ஆள் பத்தலைன்னா இதைத் தர்றது எப்படி?

17 மணி நேரம் முழிச்சிருந்தாலே மூளை, ரத்தத்துல 0.05% ஆல்கஹால் ஏறினவங்க அளவுக்கு மந்தமாகுது. குடிச்சிட்டு ஓட்டினா சும்மா விடுவோமா?