அச்சமும் அதன் மருந்தும்

கடல்வணிகரைப் போற்றும் வடமொழிக் கல்வெட்டையுடைய திரியாய் 1985இல் எரியுண்டது, மக்கள் ஊர்விட்டகன்றனர். அவ்வச்சத்திற்குக் காரணம் உண்டு. காரணமின்றி அங்காடியையும் திறந்தவெளியையும் அஞ்சுவோர் நிலை வேறு.

கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் சர்ப்பகந்தி வேரைச் சித்தப்பிரமைக்கு மருந்தென எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரினின்று ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது உடலிலுள்ள செரட்டோனினைக் குறைத்தல் 1955இல் புலனாயிற்று. உளநிலையை இரசாயனத்தோடு இணைத்த அவ்வாய்வின் வேர் நம் மண்ணினது என்பதை நாம் அரிதாகவே நினைக்கிறோம்.

ஆயினும் பேரச்சத்தைத் தணித்தது அவ்வேரன்று. செரட்டோனின் மீளுறிஞ்சப்படுதலைத் தடுக்கும் இமிப்பிரமீனை, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் கிளைன் நோயாளருக்கு அளித்தார். திடீர்த் திகில் நின்றது. வெளியே செல்லும் தயக்கமோ நீடித்தது. அதனை நீக்க, அஞ்சிய இடத்திற்கே அவர்களைப் படிப்படியாக அழைத்துச் செல்லவேண்டியிருந்தது. 1985இன் திரியாயாருக்கு அவ்வழி பொருந்தாது. அங்கே இடமே அஞ்சத்தக்கதாயிருந்தது.