முள் மாட்டுக்கு, தகரம் மரநாய்க்கு

வேப்பம்பட்டுல புதுசா வீடு கட்டிக் குடிவர்றவங்க அடிக்கடி கேக்குறாங்க: "பூனைக்குட்டி, கோழி எல்லாம் வளர்க்கிறோம். ராத்திரியில மரநாய் சுவரேறி வருது. காம்பவுண்ட் மேல கண்ணாடிச் சில்லு பதிக்கலாமா, முள்கம்பி போடலாமா?" நம்ம ஊர் வேலியோட கதை தெரிஞ்சா பதிலும் தெரிஞ்சுடும்.

எங்க தாத்தா காலத்துல வேலின்னா கிளுவைதான். போத்து வெட்டி நட்டா தழைச்சுக்கும். இன்னொன்னு சப்பாத்திக் கள்ளி. அது நம்ம நாட்டுச் செடி இல்லீங்க, அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டு கடைசியில, கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சிவப்புச் சாயம் தர்ற பூச்சியை வளர்க்கணும்னு சைதாப்பேட்டையில கள்ளித் தோட்டமே போட்டார். சாயத் தொழில் எடுபடல. ஆனா நாடு முழுக்க வேலிக்கு வச்ச கள்ளி, வேலியைத் தாண்டித் தரிசெல்லாம் மண்டிப்போச்சு. 1926ல இலங்கையில இருந்து கொண்டுவந்த ஒருவகைப் பூச்சிதான் அதை ஒழிச்சது.

அப்புறம் முள்கம்பி. ஜோசப் கிளிட்டன்னு ஒரு அமெரிக்க விவசாயி 1874ல அதுக்குக் காப்புரிமை வாங்கினார். மாட்டை மறிக்கத்தான் அது. மதில் மேல பதிக்கிற கண்ணாடிச் சில்லு திருடனுக்காக.

ஆக, இது எதுவுமே மரமேறுற பிராணியை நினைச்சு செஞ்சது இல்ல. மரநாய் முள்ளுக்கு நடுவுல பார்த்துப் பார்த்துக் கால் வைக்கும், இல்லன்னா மாங்கிளையில இருந்து நேரா உள்ள இறங்கும். கண்ணாடியில காலைக் கிழிச்சுக்கிறது நீங்க வளர்க்கிற பூனையாத்தான் இருக்கும்.

ஏறுறதைத் தடுக்கிற வழியைத் தென்னை வச்சிருக்கிறவங்ககிட்ட பாருங்க. எலி ஏறாம இருக்க மரத்தைச் சுத்தி வழவழன்னு தகரம் அடிப்பாங்க. நகத்துக்குப் பிடி கிடைக்காது, எலி திரும்பிடும். மதில் மேலயும் அதேதான். தகரத்தை வெளிப்பக்கமா சாய்ச்சு அடிங்க, விளிம்பை மடக்கி விடுங்க. இல்லன்னா பிளாஸ்டிக் பைப்பைக் கம்பியில கோத்து மதில் நீளத்துக்குக் கட்டுங்க, கால் வச்சா உருளும். சுவரை ஒட்டின கிளையைக் கழிச்சுடுங்க. பொழுது சாய்ஞ்சா கோழியும் குட்டியும் மேலயும் வலை போட்ட கூண்டுக்குள்ள போயிடணும்.

வேலியில கரண்ட் மட்டும் விடாதீங்க. மனுஷன் உயிரே போயிடும். மரநாயும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வர்ற பிராணி. அது எலியையும் தின்னுது, எங்களுக்கு அது உதவிதான். அதைக் கொல்ல வேண்டியதில்ல, ஏற விடாம இருந்தாலே போதும்.