ஒரே கடவுள், மூன்று ஆட்கள்: நமது விசுவாசம் கடந்து வந்த பாதை



யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய கதையும் பங்குக் குருக்களின் வரிசையும் அதில் இடம்பெறுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆனால் கோவிலுக்கு முன்னே பிறந்தது விசுவாசம். அந்த விசுவாசத்தின் வரலாற்றில் ஒரு பக்கத்தை இங்கே சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

ஓசூரை அடுத்த நமது சானமாவுப் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. பல சமயத்தவரும் ஒரே தொழிற்சாலையில் உழைக்கிறோம். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் உடன் வேலை செய்பவர் கேட்கிறார்: “பிதா, சுதன், ஆவி என்கிறீர்களே, உங்களுக்கு மூன்று சாமியா?” “இல்லை, ஒரே சாமிதான்” என்று சொல்லி நாம் நிறுத்திக்கொள்கிறோம். பதில் சரிதான். ஆனால் அந்தப் பதிலைக் காப்பதற்குத் திருச்சபை பட்ட பாடு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். கடவுள் ஒருவரே என்பது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். அவர்களே இயேசுவை ஆண்டவர் என்று வணங்கினார்கள். மூவர் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். முதலில் வாழ்ந்தார்கள், செபித்தார்கள். விளக்கம் பிறகே வந்தது. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் புனித இரனேயுஸ், மகனும் ஆவியும் தந்தையின் இரு கைகள் போன்றவர்கள் என்றார். ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் கதிரவனையும் கதிரையும் உவமையாகக் காட்டினார். திரித்துவம் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லை வழங்கியவரும் அவரே.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் பெரும் புயல் எழுந்தது. ஆரியுஸ் என்னும் குரு, மகன் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்று போதித்தார். கடவுள் ஒருவரே என்பதைக் காப்பதாகவே அவர் எண்ணினார். கேட்பதற்கும் எளிதாக இருந்தது. மக்கள் இரு பிரிவாயினர்.

325-ஆம் ஆண்டு, கொன்ஸ்தாந்தீன் பேரரசர் அழைக்க, இன்று துருக்கி நாட்டிலுள்ள நிசேயாவில் ஆயர்கள் கூடினார்கள். வேதகலாபனை ஓய்ந்து அதிக காலம் ஆகவில்லை. அதன் தழும்புகளைச் சுமந்து வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். மகன் தந்தையோடு ‘ஒரே பொருள்’ என்று சங்கம் அறிக்கையிட்டது. அதற்கு அவர்கள் எடுத்தாண்ட கிரேக்கச் சொல் ‘ஹோமோஊசியோஸ்’. வேதாகமத்தில் இல்லாத சொல்லை ஏன் சேர்க்க வேண்டும் என்று பலர் தயங்கினர். ‘ஒத்த பொருள்’ என்றால் போதாதா என்றும் பின்னர் சிலர் கேட்டனர். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்!

அந்த ஓர் எழுத்துக்கு ஏன் இத்தனை போராட்டம்? புனித அத்தனாசியுஸ் சொன்ன காரணம் எளியது: மகனும் படைப்பே என்றால் அவர் நம்மை மீட்க இயலாது. கிணற்றில் விழுந்து தத்தளிப்பவனை, உடன் விழுந்து தத்தளிப்பவன் எப்படிக் கரையேற்றுவான்? ஆக, நமது மீட்பே இந்தச் சொல்லில் அடங்கியிருந்தது. 328-இல் ஆயரான அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். ஏறத்தாழ 17 ஆண்டுகள் தம் மந்தையைப் பிரிந்து வாழ்ந்து, 373-இல் தம் நகரிலேயே இறையடி சேர்ந்தார்.

தூய ஆவியைப் பற்றியும் வழக்கு எழுந்தது. தந்தைக்கும் மகனுக்கும் உரிய மகிமை ஆவிக்கும் உரியதே என்று புனித பசிலியார் வாதாடினார். 381-இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் அதை உறுதிப்படுத்தியது. செபமாலையில் பத்து மணிகள் முடிந்தவுடன் நாம் சொல்லும் திரித்துவப் புகழுக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

தமிழிலும் சொல் தேடும் பாடு தொடர்ந்தது. 1578-இல் கொல்லத்தில் ஹென்ரிக் அடிகளார் அச்சிட்ட சிறு நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ‘சருவேசுரன்’ என்ற சொல்லைக் கையாண்டார். நமது பாட்டிமார் தமதிரித்துவம் என்றும், போர்த்துக்கீசிய வழியில் இஸ்பிரீத்து சாந்து என்றும் சொல்லிச் செபித்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் கடவுள், இறைவன், தூய ஆவியார் என்ற சொற்கள் பீடத்தில் நிலைபெற்றன. பழைய ஞானோபதேசத்தில் மூன்று ‘ஆட்கள்’ என்று படித்தோம். பேச்சு வழக்கில் மூன்று ஆள் என்றால் தனித்தனியான மூன்று பேர்! கிரேக்கரும் இலத்தீனரும் இதே சிக்கலில் தவித்தவர்களே. எந்த மொழியின் சொல்லும் இறைவனை முழுதும் அளந்துவிடாது. ஆயினும் சொல்லாமல் இருக்கவும் விசுவாசம் விடவில்லை.

ஆகவே அடுத்த முறை அந்தச் சகோதரர் கேட்டால் தயங்க வேண்டாம். “சாமி ஒருவரே. ஆனால் அவர் தனிமையில் இருப்பவர் அல்லர். தமக்குள்ளேயே அன்பின் உறவாய் வாழ்பவர். அந்த உறவுக்குள் நம்மையும் அழைக்கிறார்” என்று சொல்வோம். மூன்று மொழி பேசும் நாம் ஒரே பங்காய் வாழ்ந்து காட்டினால், அதைவிட நல்ல விளக்கம் வேறில்லை.

நிசேயா சங்கத்துக்கு 2025-இல் 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தை அவசரமாய்ச் சொல்லி முடிக்கும் வழக்கத்தை இந்த யூபிலியோடு விட்டுவிடுவோம். ஒரு சொல்லுக்காக நாடிழந்த ஆயர்களை நினைத்து, நிறுத்தி நிதானமாய் அறிக்கையிடுவோம்.

மூவொரு இறைவனுக்கே மகிமை உண்டாவதாக!